அரியலூர்ப் புள்ளியியல்: எஸ்எல்ஆர் கேமராவுக்குள் கடல் புகுந்த கதை

தூசி இருவகைத்து: கண்ணுக்குப் படுவது, படத்துக்குப் படுவது. கண்ணுக்குப் படுவது படத்தில் விழாது. படத்தில் விழுவது கண்ணுக்குப் படாது. டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமரா வாங்கியோர் மனப்பாடம் செய்யவேண்டிய முதல் நூற்பா இதுவே. வேதாந்தமோ என்று மிரள வேண்டாம், எல்லாம் ஒரு கண்ணாடி செய்யும் வேலை. லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைக் கேமராவுக்குள் சாய்ந்து நிற்கும் கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அமுக்கினால் அது மேலே மடங்கி வழிவிட, வெளிச்சம் நேரே பின்னாலுள்ள சென்சாரில் போய் விழுகிறது. ஆகவே கண்ணாடிப் பக்கம் ஒட்டிய தூசி வ்யூஃபைண்டரில் தெரிந்து வயிற்றைக் கலக்கும், படத்தில் வராது. சென்சாரில் ஒட்டியதோ அங்கே சத்தமே காட்டாமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்த பிறகு வானத்தில் கரும்புள்ளியாக உட்கார்ந்திருக்கும். இக்கட்டுரை இரண்டாவதன் மேலது.

களம், பெரம்பலூர் அரியலூர் மாவட்டங்கள். ஊரில் இல்லாத தூசியா இங்கே என்று கேட்பீராயின், ஆம், ஊரில் இல்லாத தூசிதான். கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த மண் கடலுக்கு அடியில் கிடந்தது. அம்மோனைட்டும் சுறாப் பல்லும் இன்றும் ஓடைக்கரைகளில் அகப்படுகின்றன. அவற்றுக்கென்றே வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையை உடைத்தால் கிரிஃபியா என்னும் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காய் வரும். வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. அந்தச் சிப்பியைத்தான் வெட்டி, அரைத்து, சுட்டு, சிமெண்ட் என்று மூட்டை கட்டுகிறோம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்கு இதற்குமேல் சொல்லவேண்டியதில்லை. இருபது வயதில் புறப்பட்டு, நரைத்த புருவத்தோடு வீடு சேர்ந்தவர்கள் அவர்கள்.

ஆகவே நம் கருதுகோள்: அரியலூர்க் கேமராவின் சென்சாரில் படிந்திருப்பது தூசி அன்று, கடல். சிப்பி பாறையானது, பாறை லாரி ஏறியது, லாரி சாலையில் சிந்தியது, சாலை காற்றில் ஏறியது, காற்று லென்ஸ் மாற்றும் நேரம் பார்த்துக் காத்திருந்தது. அந்த ஐந்தாறு விநாடி போதும். அஃதேல், அத்துகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தீரோ எனின், பார்த்திலம். பார்த்தால் ஆய்வு முடிந்துபோகும்.

பெரம்பலூர்க் கட்சியார் இதை ஒப்பமாட்டார்கள். தங்கள் பக்கத்துப் புள்ளி மக்காச்சோளத் தவிடே என்பது அவர்கள் வாதம். அறுவடைக் காலத்தில் அங்கே தார்ச்சாலையே களத்துமேடாகிவிடும்; கதிரடிக்கும் மெஷின் ஓடும் பக்கம் காற்று மஞ்சளாக இருக்கும். பருத்திப் பஞ்சும் சின்ன வெங்காயச் சருகும் துணைச் சான்றுகள். விலங்கா தாவரமா என்கிற இந்தத் தகராறுக்கு எல்லை வகுக்கலாம் என்றால், எல்லையே நிலையாக நிற்கவில்லை: 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது, 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. எந்த அரசாணையும் தூசிக்கு நகல் அனுப்பவில்லை.

இனி, புள்ளி ஏன் எப்போதும் வானத்தில் வருகிறது என்பது. அடிவாரத்து வயலில் வரலாம், கோபுரத்தின் நிழலில் வரலாம், வருவதில்லை. தூசிக்கும் எடை உண்டு, அது சென்சாரின் அடிப்பக்கமாகத்தான் சேரும். லென்ஸோ உலகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சென்சாரில் போடுகிறது. வானம் விழுமிடம் சென்சாரின் அடிப்பக்கம். கீழே விழுந்த தூசி படத்தில் மேலே ஏறிவிட்டது. கீழே புதைந்த கடல் வானத்துக்குப் போனதற்கு வேறென்ன நிரூபணம் வேண்டும்?

ஆயினும் எல்லாப் படத்திலும் புள்ளி வருவதில்லை. எஸ்எல்ஆர் வைத்திருப்பவரின் வாழ்க்கைத் துயரம் முழுக்க அடங்கிய இடம் இதுவே. ஆசைக்குக் கேமரா வாங்கிய செய்தி ஒரு வாரத்தில் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிடும். “தம்பி, அந்தப் பெரிய கேமராவத் தூக்கிக்கிட்டு வந்துருடா, பாப்பாவுக்குக் காதுகுத்து” என்று சித்தப்பா போன் செய்வார். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில், விசேஷ நாள் நீங்கலாக, திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். கேமராவும் பெரும்பாலும் அப்படியே. தாய்மாமன் மடியில் வீறிடும் குழந்தையை 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து எடுக்கிறார் நம்மவர். பின்னால் நிற்கும் கூட்டம் வெண்ணெயாய்க் கரைகிறது. துளை அகலமாகத் திறந்திருப்பதால் வெளிச்சம் பல கோணங்களிலிருந்து வந்து விழ, தூசியின் நிழலும் கூடவே கரைந்துபோகிறது. படம் பால்போல் இருக்கும். சித்தி அன்றைக்கே டிபி மாற்றிவிடுவார். எடுத்தவர் பெயரைக் கேட்பார் எவருமில்லை என்பது வேறு ஆய்வுக்கு உரியது.

அதே ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் கங்கைகொண்ட சோழபுரம் போகிறார். ராஜேந்திரன் எழுப்பிய விமானம், மழை கழுவிய நீலவானம். அடி முதல் உச்சி வரை கூர்மையாக விழட்டும் என்று எஃப் 16க்குத் திருகுகிறார். துளை ஊசிமுனையாய்ச் சுருங்க, ஒவ்வொரு தூசியும் வரைந்து வைத்ததுபோல் நிழல் விழுத்துகிறது. சொந்தக்காரருக்கு எடுத்ததில் புள்ளி இல்லை. தனக்கென்று எடுத்ததில் மட்டும் விமானத்தைச் சுற்றி ஈ மொய்க்கிறது. இதற்கு ஒளியியலில் காரணம் உண்டு என்பதை அறிந்தாலும் மனம் ஆறுவதில்லை. (இதே இடத்தில், விமானம் வளைந்து தெரிகிறது என்று லென்ஸைத் திட்டுவோரும் உளர். தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் ஏறும், இது உட்குழிந்து வளைந்து ஏறும். அந்த வளைவு சோழனுடையது, கம்பெனிக்காரனுடையது அன்று.)

பரிகாரங்கள். 2003இல் வந்த ஓலிம்பஸ் இ-1 கேமரா சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடித் தகட்டை அதிரவைத்துத் தூசியை உதறியது. பிறகு மற்ற கம்பெனிகளும் அதைப் பின்பற்றின. அந்த உதறலுக்குப் பெரம்பலூர்த் தவிடு மசியலாம், அரியலூர்க் கடல் மசியாது. ரப்பர் பந்து புளோயர் உத்தமம்: பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, மெனுவில் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தி, கேமராவை முகம் கீழாகப் பிடித்து, கீழிருந்து மேலாகப் பீய்ச்சவேண்டும். வாயால் ஊதுவது மகாபாவம். “ஊதாதீங்க தம்பி, எச்சி தெறிச்சா அப்புறம் புள்ளி இல்ல, கோலம்” என்பது ஸ்டூடியோ அண்ணன்மார் வாய்மொழி. சுத்தமாயிற்றா என்று பார்க்க எஃப் 22 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கெடுத்து, வெள்ளைச் சுவரைப் படம் எடுப்பது வழக்கம். கட்டிய பொண்டாட்டியை விட்டுவிட்டுச் சுவரைப் படம் எடுக்கும் புருஷனைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதையும் கணக்கில் கொள்க.

லென்ஸைக் கழற்றாதிருத்தலே உயர்ந்த பரிகாரம் என்போர் தனிக் கூட்டம். கேமராவோடு வந்த 18-55ஐ அவர்கள் வாங்கிய நாளிலிருந்து திருகியதில்லை. சாத்தனூரில் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த கல்மரத்துக்கு அது தாராளம்: 18 மீட்டர் மரம், 18 மி.மீ. லென்ஸ், 15 மீட்டர் பின்னால் போய் நின்றால் வேர்ப்பக்கம் முதல் நுனி வரை சட்டத்துக்குள் அடங்கும்.

சங்கடம் கரைவெட்டியில் வருகிறது. 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரிக்குப் பனிக்காலத்தில் இமயம் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. வாத்து முக்கால் மீட்டர் நீளம், நிற்பதோ 200 மீட்டர் தள்ளி. பையில் 55-250 இருக்கிறது, ஆனால் கரையில் காற்று அடிக்கிறது. ஏற்கெனவே இருக்கிற புள்ளி போதாதா என்று நம்மவர் 55லேயே எடுக்கிறார். கணக்குப் போட்டால் சென்சாரில் அந்த வாத்தின் நீளம் 0.2 மி.மீ. தூசி நிழலின் அளவும் ஏறக்குறைய அவ்வளவே. தூசிக்குப் பயந்து லென்ஸை மாற்றாததால் வாத்தே தூசியாகிவிட்டது. இரவு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். துடைத்ததில் எத்தனை மங்கோலியாவிலிருந்து வந்தது, எத்தனை கல்லங்குறிச்சியிலிருந்து வந்தது என்பது அவருக்கும் தெரியாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்து ஒப்பிடுக: இடம் மாறாதது தூசி, மாறியது வாத்து. கேமராவைக் கொஞ்சமும் அசைக்காமல் ஸ்டாண்டில் வைத்து எடுத்தவர்களுக்கு இது பயன்படாது. தூங்குகிற வாத்தும் இடம் மாறாது.