முந்நூறு மீட்டர் அண்ணாச்சி

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் காலை நடைக்கு வருகிறவர்களில் ஒருவருடைய கையை மட்டும் கவனியுங்கள். வலது கை எல்லோரையும் போல வீசிப் போகும். இடது கை நெஞ்சுக்கு நேரே மடங்கி, கைக்குழந்தையை ஏந்திய பாவத்தில் அப்படியே நிற்கும். "என்ன அண்ணாச்சி, சுளுக்கா?" என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். நேப்பியர் மியூசியத்தை நாலு சுற்று சுற்றி முடித்தும் பதில் முடியவில்லை.

கையில் இருந்தது ரோலெக்ஸ் சப்மரைனர் வாட்ச். கடலுக்குள் முங்குகிறவர்களுக்காக 1953-இல் வந்த ரகம். இப்போது வருவது 300 மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும். அண்ணாச்சிக்கு நீச்சல் தெரியாது.

சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கேரள அரசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்று, கரமனையில் வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார். வாட்சின் விலை பத்து லட்சத்தை ஒட்டி வரும். மதினியிடம் அவர் சொன்ன விலை பத்தாயிரம். விட்டுப்போன அந்த இரண்டு பூஜ்யங்களையும் மூன்று வருஷமாக நான்தான் வயிற்றில் சுமக்கிறேன். மதினி கையால் தோசை சாப்பிடும் போதெல்லாம் அவை உள்ளே புரளும்.

அண்ணாச்சி தனி ஆள் என்று நினைக்க வேண்டாம். டெக்னோபார்க்கில் மடிக்கணினியின் மேல் மணிக்கட்டை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும் இளைய அண்ணாச்சிகள் உண்டு. வளைகுடாவிலிருந்து திரும்பிய மூத்த அண்ணாச்சிகள் உண்டு. அந்தக் காலத்தில் ராடோ கட்டிக்கொண்டு விமானம் இறங்கியவர்கள் அவர்கள். ஊருக்கு வந்த முதல் வாரம் முழுக்க ஈ விரட்டுவதற்குக்கூட இடது கையைத்தான் எடுப்பார்கள். எல்லோரும் ஒரே குலம். பெண் பார்க்கப் போனவர் பேசுவதைப் போல வாட்சைப் பற்றிப் பேசுவார்கள்: சுகம், லட்சணம், தரம்.

சுகத்தில் ஆரம்பிக்கலாம். சங்கிலியோடு சேர்த்து எடை கிட்டத்தட்ட 150 கிராம். சாலைக் கடைத்தெருவில் அந்த எடைக்குச் சின்ன உள்ளி வாங்கினால் ஒரு வேளைத் தீயலுக்கு ஆகும். அதைக் கையில் கட்டிக்கொண்டு, "போட்டிருக்கதே தெரியாதுடே" என்பார். அடுத்த வாக்கியத்திலேயே, "அந்தக் கனம் இருக்கு பாரு, அதுதான் சொகம்" என்பார். இரண்டையும் அவர் மனதார நம்புகிறார். சங்கிலியின் கொக்கியில் ஒரு பற்சட்டம் இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டராக நீட்டிக்கொள்ளலாம். ரப்பர் உடுப்புக்கு மேலே கட்டுவதற்காக ஸ்விட்சர்லாந்துக்காரன் விட்ட தாராளம் அது. அண்ணாச்சி அதை வேறு வகையில் பயன்படுத்துகிறார். மேடமாச வெயிலில் மணிக்கட்டு ஊதும்போது ஒரு பல் வெளியே. ஓணச் சத்யையில் அடைப்பிரதமன் இரண்டாம் தடவை வந்தால் இன்னொரு பல். சாயங்காலம் மழை பெய்து உடம்பு குளிர்ந்தால் மறுபடி உள்ளே. திருவனந்தபுரத்தின் தட்பவெப்பத்தை அந்தக் கொக்கியின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

லட்சணம் என்று வந்தால் சண்டை. பட்டம் பகுதியில் ஒரு டாக்டர் இருக்கிறார், ஒமேகா சீமாஸ்டர்காரர். இருவரும் மியூசியம் பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு ஜேம்ஸ் பாண்டில் போய் நிற்கும். 1962-இல் முதல் படத்தில் ஷான் கானரி கட்டியது சப்மரைனர் என்பார் இவர். 1995-இல் பியர்ஸ் பிராஸ்னன் வந்ததிலிருந்து பாண்ட் ஒமேகாவுக்கு மாறியாயிற்றே என்பார் அவர். மோகன்லாலா மம்மூட்டியா என்று இந்த ஊரில் நடக்கும் வழக்கைப் போல இதற்கும் தீர்ப்புக் கிடையாது. டாக்டரின் வாட்சில் பத்து மணி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு திருகு துருத்திக்கொண்டிருக்கும். ஹீலியம் வெளியேறும் வால்வாம். கடலடியில் நாள்கணக்கில் அழுத்த அறையில் தங்கி ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாயு அணு மிகச் சிறியது, வாட்சுக்குள்ளும் கசிந்து புகுந்துவிடும். மேலே வரும்போது உள்ளே அடைபட்டது கண்ணாடியைத் தள்ளித் தெறிக்க வைக்காமல் இருக்க அந்த வால்வு. நல்ல யோசனைதான். ஆனால் இந்த ஊரில் ஹீலியத்தோடு சகவாசம் உள்ளவர்கள் தும்பா பக்கத்து ராக்கெட்காரர்களும் பிறந்தநாள் பலூன்காரர்களும்தான். டாக்டர் தோல் வியாதி நிபுணர்.

லட்சணத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. இருட்டில் அது நீலமாக ஒளிரும். ஆழத்தில் வெளிச்சம் செத்துப்போனாலும் மணி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எண்களுக்குப் பதில் தடித்த பொட்டுகள். டிசம்பர் திரைப்பட விழாவில், டாகூர் தியேட்டரில், யாரும் பேசாத ஒரு படத்தின் நடுவே அந்த நீலப் பொட்டுகள் மெல்ல எழுந்து என் முகத்துக்கு நேரே வந்தன. "பாத்தியாடே?" என்று ஒரு கிசுகிசு. முன் வரிசையில் நாலு பேர் திரும்பினார்கள். திரையில் ஒரு கிழவர் செத்துக்கொண்டிருந்தார்.

தரத்துக்கு அவரிடம் புராணமே இருக்கிறது. 1927-இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலப் பெண் இங்கிலீஷ் கால்வாயில் நீந்தியபோது கழுத்தில் தொங்கியது ரோலெக்ஸ். 1960-இல் மரியானா அகழியின் அடிக்குப் போன ட்ரியெஸ்ட் கலத்தின் வெளியே கட்டி அனுப்பியதும் ரோலெக்ஸ். இதையெல்லாம் சொல்லும்போது தானே கலத்தின் வெளியே ஒட்டிக்கொண்டு போய்வந்தவரைப் போலக் குரல் கம்மும். நானும் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். பொழுதுபோக்காக முங்குகிறவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. 2014-இல் எகிப்தியரான அஹமத் கப்ர் செங்கடலில் 332 மீட்டர் இறங்கியதாகச் சொல்கிறார்கள். இறங்கக் கிட்டத்தட்டக் கால் மணி நேரம், உடம்பு கெடாமல் ஏறி வரக் கிட்டத்தட்டப் பதினாலு மணி நேரம் பிடித்ததாம். "அண்ணாச்சி, உங்க வாட்சுக்கு உள்ள வேலைய அவருகிட்டதான் குடுக்கணும்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தினம் இரண்டு விநாடிக்கு மேல் முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது என்பது கம்பெனி வாக்கு. அதைச் சோதிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். காலை வானொலிச் செய்தியோடு ஒத்துப் பார்த்து எழுதுவார். மணிக்காக மெனக்கெடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. சுவாதித் திருநாள் காலத்தில், 1837-லேயே, வானாய்வுக்கூடம் கட்டி ஜான் கால்டிகாட் என்ற வெள்ளைக்காரரை அமர்த்திய ஊர். பத்மநாபசுவாமி கோயிலுக்கு முன்னால் மேத்தன் மணி என்ற கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது தாடிக்கார மேத்தன் பொம்மை வாயைத் திறக்கும், இரண்டு பக்கமிருந்தும் ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். அண்ணாச்சி கோயிலுக்குப் போகும் நாளில் சட்டை கிடையாது, வேட்டியும் வாட்சும்தான். வெறும் உடம்பில் அது கூடுதலாக எடுபடும் என்று அவருக்கு ஒரு கணக்கு. ஆனால் எல்லோரும் கழுத்தை நிமிர்த்தி ஆட்டைப் பார்ப்பார்கள். கைபேசி வந்த பிறகு யாரும் யாரிடமும் மணி கேட்பதில்லை. அண்ணாச்சியின் நிஜத் துக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் போன மாதம் வரை அந்த வாட்சின் மேல் தண்ணீர் பட்டு நான் பார்த்ததில்லை. கை கழுவும்முன் கழற்றுவார். வலது கையால் சாப்பிடும்போது இடது கை வாட்சைக் கழற்றி வைக்கிற ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார், ரசம் தெறிக்குமாம். இடவப்பாதி மழையில் தம்பானூரில் அகப்பட்டபோது கைக்குட்டையைத் தலையில் போடாமல் வாட்சில் சுற்றிக்கொண்டு ஓடினார்.

சுற்று வளையத்தை மட்டும் நித்தமும் திருப்புவார். முங்கும்போது முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால் எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று காட்டும் வளையம். ஒரே பக்கமாகத்தான் திரும்பும். எதிலாவது தட்டிக் கொஞ்சம் நகர்ந்தாலும், ஆன நேரத்தைக் கூடுதலாகக் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆள் முன்கூட்டியே மேலே வந்துவிடுவான். தப்பு நடந்தாலும் பத்திரமான பக்கமே நடக்கும்படி ஏற்பாடு. மதினியிடம் சொன்ன விலையும் அந்த வகையில் சேரும் என்பது அண்ணாச்சியின் வாதம். வீட்டில் அந்த வளையம் இட்லிக்குப் பன்னிரண்டு நிமிஷம் பார்க்கிறது.

போன மாதம் கோவளம் போனோம். கலங்கரை விளக்கத்துப் பாறையில் ஏறி நின்றோம், அண்ணாச்சி கையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு. கீழே ஒருவர் சிப்பி பறித்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, கையில் இரும்பு. காற்றுக் குப்பி, குழாய் ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்து ஒரு முங்கு. அண்ணாச்சி என்ன நினைத்தாரோ, வளையத்தைத் திருகி முள்ளுக்கு நேரே வைத்தார். அரை நிமிஷம். முக்கால். நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. தலை மேலே வந்ததும், "ஒரு நிமிசம் எட்டு செகண்டு!" என்று அண்ணாச்சி கூவினார். குரல் உடைந்திருந்தது. முங்கியவர் பை நிறையச் சிப்பியோடு பாறையில் ஏறி வந்து வாட்சைப் பார்த்தார்.

"வெள்ளம் கேறுமோ ஸாரே?"

"முந்நூறு மீட்டர் வரைக்கும் கேறாது."

"எங்கில் தா, இப்ப முங்கிட்டு வராம்" என்று ஈரக் கையை நீட்டினார்.

அண்ணாச்சி ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். அதே நேரம் பாறையில் மோதிய அலை இடுப்பு வரைக்கும் நனைத்துவிட்டு, போகிற போக்கில் வாட்சிலும் தெறித்தது. நாலைந்து சொட்டுதான். சிப்பிக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

உப்புத் தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். மேலே கடைக்கு ஓடி ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி வந்தார். வாட்சைக் கழற்றி என் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தச் சொன்னார். கண்ணாடி மேல் கொஞ்சம், வளையத்தில் கொஞ்சம், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனியாகக் கொஞ்சம் என்று நூல் போல விட்டு முழுக்காட்டினார். உச்சி வெயில். எனக்குத் தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலில் கடைசியாக ஒரு மடக்குக் கிடந்தது. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்.

"கொக்கி உள்பக்கம் பாக்கி இருக்குடே" என்றார்.