ஆறாம் வகுப்பு வரவேற்பும் பாலைத் திணையும்: ஓர் அகப்பொருள் ஆய்வு

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரை வரவேற்க ஒரு கூட்டம் நடக்கிறது. கல்வியியல்காரர்கள் இதை நிர்வாகக் கூட்டம் என்று கருதிக் கோப்பில் போட்டுவிடுகிறார்கள். இது பெரும்பிழை. இக்கூட்டம் அகத்திணையைச் சேர்ந்தது, அதிலும் பாலை. அதை நிறுவவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்களம், பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளி ஒன்று. மாதிரி அளவு: மகள் ஒருத்தி. மாதிரி போதாது என்பவர்கள் ஒரே ஒரு நாள் அவளைக் காலையில் எழுப்பிச் சடை பின்னிக் கிளப்பிவிட்டு வந்து பேசட்டும்.

முதற்சான்று பெயரிலேயே இருக்கிறது. தொல்காப்பியர் பாலையை 'நடுவுநிலைத் திணை' என்கிறார். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை நம் கல்வித்துறை 'நடுநிலை' என்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது சோம்பேறி ஆய்வு.

இரண்டாம் சான்று இதைவிட வலியது. பிரிவுக்கான காரணங்களைச் சொல்லவந்த தொல்காப்பியர் ஓதல், பகை, தூது என்று வரிசை வைக்கிறார். போரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஓதல்தான் முன்னே நிற்கிறது. அதோடு, கல்விக்காகப் பிரியும் பிரிவு மூன்றாண்டைத் தாண்டலாகாது என்று கற்பியலில் வரம்பும் கட்டுகிறார். ஆறு, ஏழு, எட்டு, விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம். அது தலைவன் தலைவியைப் பிரியும் பிரிவாயிற்றே என்று புலவர்கள் இடைமறிப்பார்கள். அவர்கள் வீட்டில் இப்போது ஆறாம் வகுப்பில் யாரும் இல்லை என்று கொள்க.

இனி முதற்பொருள். பாலைக்குரிய பெரும்பொழுது வேனில். பள்ளி திறப்பதோ வைகாசி கழியும் தறுவாயில். இளவேனில் முடிந்து முதுவேனில் கண் திறக்கும் நேரம். கத்திரி முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொல்லும், வெயிலுக்கு அந்தச் செய்தி எட்டியிருக்காது. சிறுபொழுதில்தான் ஆய்வாளருக்கு முதலில் சிக்கல் வந்தது. பாலைக்கு நண்பகல் வேண்டும். அழைப்பிதழிலோ காலை 9:30 என்று போட்டிருந்தார்கள். கருதுகோள் ஆட்டம் காணும் வேளையில் சிறப்பு விருந்தினர் கைகொடுத்தார். அவர் வந்துசேர்ந்தபோது மணி 11:50. 'ஹலோ, மைக் டெஸ்டிங்' முடிந்து குத்துவிளக்கில் முதல் திரி பற்றியபோது சரியாக நண்பகல்.

நிலம்? பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்தால் பாலை என்பது சிலப்பதிகாரம் சொல்லும் கணக்கு. விடுமுறைக்கு முன் புல் இருந்த விளையாட்டு மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கருப்பொருளில் நீர், பாலையில் வற்றிய சுனை. பள்ளியில் குழாய் ஆறு இருந்தன. ஐந்தைத் திறந்தால் காற்று வந்தது, ஆறாவதற்குத் திருகே இல்லை. பறை, வாசலில் மாணவர்கள் அடித்த பேண்டு. புள், சமையற்கூடத்துக் கூரைமேல் அமர்ந்து முட்டையை எண்ணிக்கொண்டிருந்த காகம். பருந்து என்று எழுத மனம் இழுக்கிறது, ஆய்வு நேர்மை தடுக்கிறது. உணவு என்ற தலைப்பில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிவைத்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஒன்றுமுதல் ஐந்தாம் வகுப்புவரை என்றே தொடங்கியது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ரவா உப்புமாவும் கிச்சடியும் கண்ட பிள்ளைக்கு, ஆறாம் வகுப்பு என்பது முதலில் வயிற்றில்தான் தெரிகிறது. மதியம் சத்துணவு உண்டு. காலைக்கும் மதியத்துக்கும் இடைப்பட்ட வழியைத்தான் பழம்புலவர்கள் சுரம் என்றார்கள் போலும்.

சுரத்தைக் கடப்பவர் தோளில் சுமை இருப்பதும் மரபு. 2018இல் மத்திய அரசு பள்ளிப் பைக்கு எடை வரம்பு அறிவித்தபோது ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு 4 கிலோ என்றது. அதில் தண்ணீர்ப் பாட்டில் சேருமா என்று ஒரு தந்தை எழுந்து கேட்டார். குழாய்கள் இருந்த திசையைத் தலைமையாசிரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் அடுத்த பொருளுக்குப் போனார்.

புதியது எது வந்தாலும் ஆறாம் வகுப்பின் தலையில்தான் முதலில் விடிகிறது. 2010இல் சமச்சீர் கல்வி ஒன்றிலும் ஆறிலும் நுழைந்தது. 2018இல் புதிய பாடநூல்கள் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வந்தன. ஒன்றாம் வகுப்புக்காரனுக்குப் பழையது எது என்று தெரியாது, ஆகவே அவனுக்கு நட்டமில்லை.

உரிப்பொருளுக்கு வருவோம். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் பெரிய எழுத்தில் இருந்த சொல்லும் அதுவே: 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு. ஐந்தாண்டு ஒரே பெஞ்சில் ஒரே டிபன் பாக்ஸில் தின்ற இருவரில் ஒருத்தி அ, ஒருத்தி ஆ. அந்தத் தாளின் முன் நடந்த அழுகையை விவரிக்க ஆய்வாளருக்கு மொழி போதாது. பெற்றோர் இதற்குள் ஆறாம் வகுப்பு பெஞ்சுகளில் முழங்காலை மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்து, கணக்குக்குக் கோடு போட்ட நோட்டா, கட்டம் போட்ட நோட்டா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வின் முடிவான சான்று கூட்டத்திற்கு வெளியே, வாயிலில் கிடைத்தது. பாலைக்கலியில், மகளைத் தேடிச் சுரத்தில் அலையும் செவிலி எதிரே வரும் முக்கோல் பகவரிடம் அவளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். இங்கே முக்கோலுக்குப் பதில் விசில். காவலாளியிடம் ஓர் அம்மா கேட்டார்: "அண்ணே, எம்பொண்ணு உள்ள போயிட்டாளா? ரெட்டைச் சடை, பச்சை ரிப்பன்." காவலாளி மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். முந்நூறு ரெட்டைச் சடை, முந்நூறு பச்சை ரிப்பன். "போயிருக்கும்மா, எல்லாம் போயிருச்சு" என்றார். கலித்தொகைப் பகவர் மலைச்சந்தனம், கடல்முத்து என்று நீளமாக ஆறுதல் சொல்வார். இவர் சொன்னது அதே பொருள்தான், சுருக்கமாக.

தூரத்தை அளந்த வகையில் ஆய்வாளரின் சொந்தத் தரவும் உண்டு. ஒன்றாம் வகுப்பில் மகள் வகுப்பறைக்குள் வரை கையை விடவில்லை. மூன்றில் படிக்கட்டு. ஐந்தில் கேட். ஆறாம் வகுப்பின் முதல் நாளில், கேட்டுக்கு இன்னும் நூறடி இருக்கும்போது, டீக்கடை அருகே நின்று, "அப்பா, நீ இங்கயே நில்லு" என்றாள். பெற்றோர் கூட்டத்துக்கு எனக்கும் அழைப்பிதழ் வந்திருக்கிறது என்றேன். "அப்ப நான் போனப்புறம் தனியா வா." ஆகவே வரவேற்கப்பட்ட குடும்பம் இரண்டு தவணையாகப் பள்ளிக்குள் நுழைந்தது. சந்தனம், கற்கண்டு, ரோஜாப்பூ எல்லாம் இரண்டாம் தவணைக்கே கிடைத்தது. கற்கண்டை அவளுக்கென்று சட்டைப் பையில் பத்திரப்படுத்தினேன். மாலைக்குள் அது வெயிலில் பிசுபிசுத்துப் பையோடு ஒட்டிக்கொண்டது.

இத்துறையில் மேலாய்வு செய்ய விரும்புவோர் மாலை 4:10க்கு மேற்படி டீக்கடை அருகே வந்து நிற்கலாம். குடை கொண்டுவரவும். நிழல் கிடையாது.