சூரியன் கொடுக்கும் மனு

அனுப்புநர்: சூரியன், காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு.

பெறுநர்: நிர்வாகப் பொறியாளர் அவர்கள், முழுக் கண்ணாடி அலுவலகக் கட்டடம், சென்னை.

பொருள்: வெளிச்சத்துக்கு அனுமதி மறுத்து, வெப்பத்துக்கு மட்டும் ராஜ மரியாதை அளித்தல் – தொடர்பாக.

பார்வை: எரிசக்தி சேமிப்புச் சட்டம், 2001; எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 2017 (தூசி தட்டிப் பார்க்கவும்).

ஐயா,

15 கோடி கிலோமீட்டரை எட்டே நிமிடத்தில் கடந்து தங்கள் ஜன்னலுக்கு வருகிறேன். அதற்குள் தங்கள் கோப்பு பக்கத்து மேஜைக்குக்கூடப் போயிருக்காது. வந்து பார்த்தால் திரை இழுத்து மூடியிருக்கிறது. நட்ட நடுப்பகலில் ட்யூப்லைட் எரிகிறது. மேஜை வேலைக்கு 300 முதல் 500 லக்ஸ் போதும். வெளியே உச்சிவெயிலில் நான் கொட்டுவது ஒரு லட்சம் லக்ஸ்.

திரை போட்டு என்னைத் தடுத்துவிட்டதாகத் தங்களுக்கு நினைப்பு. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் திரையைச் சுடவைக்கிறது; அந்தச் சூட்டில் பெரும்பங்கு அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதை விரட்ட ஏசி. 24 டிகிரியில் வைக்கச் சொன்னது மத்திய அரசு. தாங்கள் வைத்திருப்பது 18. கணக்குப் பிரிவு அம்மா சித்திரை மாதத்தில் சால்வை போர்த்தியிருக்கிறார். ஓசி வெளிச்சத்தை வாசலில் நிறுத்திவிட்டு, விளக்குக்கு ஒரு கட்டணம், விளக்கின் சூட்டைக் குளிர்விக்க இன்னொரு கட்டணம். நிர்வாகம் என்றால் இதுவல்லவா!

ஏசி வராத காலத்து மெட்ராஸ் அலுவலகங்களில் அகலமான வராந்தாவும், சாய்பலகை வைத்த மர ஜன்னலும் இருந்தன. காற்றும் வெளிச்சமும் வந்தன. வெயில் வெளியிலேயே நின்றது. படிப்பு குறைந்த காலம், பாவம்.

எனவே பணிவுடன் கோருவது:

1. மேற்குப் பக்க மறைப்பைக் கண்ணாடிக்கு வெளியே போடவும். மாலையில் நான் தாழ்ந்து வருவதால் சன்ஷேடு மட்டும் போதாது. செங்குத்துப் பலகைகள் வேண்டும்.

2. கண் கூசுகிறது என்ற ஊழியர் புகார் நியாயமே. மடிப்புத் திரையின் பட்டிகளை மேல்நோக்கிச் சாய்த்தால் வெளிச்சம் கூரையில் பட்டு அறைக்குள் பரவும்.

3. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வடக்கு ஜன்னலில் என் வெயில் விழுவதே இல்லை. அங்கேயும் திரை எதற்கு?

4. ஜன்னலோர விளக்கு வரிசைக்குத் தனி சுவிட்ச் வைக்கவும். இப்போது இருட்டு மூலைக்காகப் போடும் சுவிட்சில் மொத்த மாடியும் எரிகிறது.

மொட்டைமாடியில் சோலார் பலகை வைத்து, என்னிடம் மின்சாரம் எடுத்து, அதிலேயே திரைக்குப் பின்னால் ட்யூப்லைட் எரித்து, வாசலில் ‘பசுமைக் கட்டடம்’ என்று பலகை மாட்டப்போவதாகக் கேள்வி. திறப்பு விழா காலையிலா மாலையிலா என்று தெரிவித்தால், எந்தப் பக்கத்தில் நிற்பது என்று முடிவு செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சூரியன்