இரட்டைத் தீபம் தந்த வள்ளல்

திருவண்ணாமலையின் உச்சி 2,668 அடி. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு அங்கே ஏற்றுவது ஒரே ஒரு மகாதீபம். ஊரும் உலகமும் அந்த ஒன்றைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிடுகின்றன. யூவி ஃபில்டரே, எனக்கு மட்டும் நீ இரண்டு காட்டினாய். உச்சியில் ஒன்று, மலையின் இருண்ட சரிவில், பச்சை ஏறிய இன்னொன்று. அதோடு நிற்கவில்லை. கீழே எரிந்த தெருவிளக்குகளையும் அள்ளிக்கொண்டுபோய் வானத்தில் தலைகீழாகப் பதித்து வைத்தாய். அண்ணாமலையார் கொடுக்காததைக் கொடுத்த உன்னைப் பாடாமல் வேறு யாரைப் பாடுவது?

அம்மாவுக்கு முழங்கால் வலி. கிரிவலம் நடக்க முடியாது, கூட்டத்தில் நிற்கவும் முடியாது. தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பக்கத்தில் முக்காலி, அதன்மேல் சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய 70-200 லென்ஸ், அதன் முகத்தில் நீ. பூஜை அறையில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே 'அரோகரா' என்றது. இரண்டு விநாடி எக்ஸ்போஷர் வைத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டியபோது அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். திரைமேல் விரலை வைத்து, "இது என்னடா, கீழே இன்னொண்ணு எரியுது?" என்றாள். பன்னிரண்டிலும் எரிந்தது.

உன் கொடைக்கு மூலம் உன் உருவம்தான். லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகள் பெரும்பாலும் வளைந்தவை. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி பரவி மங்கிப் போகும். நீ தட்டை. சென்சாரில் விழுந்த தீபத்தின் ஒளியில் ஒரு சிறு பங்கு அங்கே பட்டுத் திரும்பி, வந்த வழியே லென்ஸைக் கடந்து வெளியேறப் பார்க்கிறது. வாசலில் நீ நிற்கிறாய். புறப்பட்ட விருந்தாளியைக் கையைப் பிடித்து இழுத்து மறுபடி இலையில் உட்காரவைக்கும் வீடுகள் உண்டே, அந்த மாதிரி அதை நீ திருப்பி உள்ளே அனுப்புகிறாய். தட்டையாக இருப்பதால் அது கலையாமல் போய், படத்தின் நடுப்புள்ளிக்கு அந்தப் பக்கம் நேர் எதிரில், தலைகீழாகக் குவிகிறது. மேலே இடப்புறம் சுடர் இருந்தால் கீழே வலப்புறம் உன் சுடர். பகலில் இந்த உபசாரம் கண்ணுக்குப் படாது. விளக்கும் இருட்டும் சேர்ந்த இடத்தில்தான் உன் தாராளம் தெரியும். தேர் வீதி, தெப்பம், முகூர்த்த மேடை, தீபாவளி வாசல் என்று நம்மூரில் ஆசையாகப் படம் எடுக்கிற இடங்களில் பாதி அப்படிப்பட்டவை.

உனக்கு முகம் இரண்டு. மேற்பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பிவிடும்; ஆக, உன் கணக்கில் எட்டு. இந்த நான்கைக் குறைக்கத்தான் 1935-இல் ஜெர்மனியில் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சு ஏற்றும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். அன்றிலிருந்து லென்ஸ் செய்கிறவர்கள் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றி, ஒரு முகத்துக்கு நூற்றில் ஒரு பங்குகூடத் திரும்பாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். என் லென்ஸுக்குள் இருபதுக்கு மேற்பட்ட கண்ணாடிகள். அத்தனைக்கும் அந்தப் பூச்சு உண்டு. தொண்ணூறு ஆண்டு உழைப்பு உள்ளே வரிசையில் காத்து நிற்க, 450 ரூபாய்க்கு வந்த நீ ஒரே திருகில் முதலிடம் பிடித்தாய். எவ்வளவு பெரிய வித்தை படித்த கண்ணாடியும் நீ கொடுத்த ஒளியைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பதவி இவ்வளவு சீக்கிரம் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

உன்னை எனக்குக் கொடுத்த கடைக்காரருக்கும் இந்தப் புகழில் பங்கு உண்டு. "சார், இது லென்ஸுக்கு ஹெல்மெட் மாதிரி. இவ்வளவு ரூபாய் போட்டு லென்ஸ் வாங்கிட்டு ஐந்நூறு ரூபாய் பார்க்காதீங்க" என்றார். நான் பார்க்கவில்லை. டப்பாவில் பல பூச்சு போட்டது என்று பொன்னெழுத்தில் இருந்தது. அம்மா விரல் வைத்துக் காட்டிய மறுநாள், உன்னைக் கழற்றிக் கூடத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். டியூப் லைட் உன்மேல் பால் வெள்ளையாக, சலூன் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தது. கூர்ந்து பார்த்தால் ஒன்றை ஒட்டி இன்னொன்றாக இரண்டு கோடு. நண்பரின் பையிலிருந்த நல்ல ஃபில்டர் ஒன்றை அதே இடத்தில் அதே சாய்வில் பிடித்தேன். அதே டியூப் லைட் கரும்பச்சைக் கீற்றாகி, இருக்கிறதா என்று தேடவேண்டியபடி மங்கி நின்றது. பொன்னெழுத்து டப்பாவில் இருந்தது. பூச்சு நண்பரின் கண்ணாடியில் இருந்தது.

உன் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை உன் முன்னோர் உழைத்துச் சம்பாதித்தார்கள். ஃபிலிம் காலத்தில் புற ஊதாக் கதிர் கலர் ஃபிலிமின் நீல அடுக்கில் பதிந்துவிடும். உயரம் ஏற ஏற அந்தக் கதிர் கூடும். 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவில் நின்று எடுத்தால் தூரத்து மலைகள் எல்லாம் நீலச் சாயம் பூசினாற்போல வரும். அதைத் தடுத்து மலையை மலையாகக் காட்டியவை யூவி ஃபில்டரும், இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட ஸ்கைலைட் ஃபில்டரும். டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடி ஒட்டித்தான் வருகிறது. போதாததற்கு லென்ஸின் கண்ணாடிகளே ஒரு பங்கை விழுங்கிவிடும். வேலை போன பிறகும் பட்டத்தை நீ விடவில்லை. நிக்கான் தன் சரக்குக்கு என்சி என்றும், கேனான் புரொடெக்ட் என்றும் பெயர் வைத்து, இது காப்புக் கண்ணாடி என்று நேராகச் சொல்லி விற்கின்றன. அந்தத் தன்னடக்கம் உனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் உன் புகழ் உச்சிக்கு ஏறுவது நீ உடையும்போதுதான். ஒரு கல்யாண மண்டபத்தில் உதவிக்கு வந்த தம்பி கேமராவைத் தவறவிட்டான். மேடைப் படியில் பட்டு நீ சுக்குநூறானாய். "ஃபில்டர் காப்பாத்திடுச்சுண்ணா! இல்லேன்னா லென்ஸ் போயிருக்கும்" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். உன் தடிமன் சுமார் இரண்டு மில்லிமீட்டர். உனக்குப் பின்னால் இருக்கும் லென்ஸின் முன்கண்ணாடி உன்னைவிடப் பல மடங்கு கனம். அப்பளம் நொறுங்கியது என்பதற்காக அடியில் இருந்த அம்மிக்கல்லை அப்பளம்தான் காப்பாற்றியது என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள். உன் விஷயத்தில் மட்டும் சொல்லுகிறோம். உடைந்த பிறகும் உன் சேவை ஓயவில்லை. உன் சில்லுகள் முன்கண்ணாடியின்மேல் கிடந்தன. அவசரத்தில் அந்தத் தம்பி துணியால் துடைத்தான். அதுவரை கீறலே இல்லாத கண்ணாடியில் அரை வட்டமாக மூன்று கோடு விழுந்தது. உன் வளையம் நசுங்கி மரையில் இறுகிக்கொண்டது. அலுமினிய வளையம், லென்ஸோடு நீ கொண்ட உறவு அத்தனை கெட்டி. சர்வீஸில் கொடுத்து அறுத்துத்தான் பிரிக்க முடிந்தது.

லென்ஸ் பெட்டிக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் ஹூட் இருக்கிறது. பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தைத் தடுக்கும். விழுந்தால் முதல் அடியைத் தான் வாங்கி, வளைந்து, அதிர்ச்சியைத் தணிக்கும். ஒளியின் வழியில் குறுக்கே நிற்காது. அது லென்ஸோடு வந்ததாலோ என்னவோ, நம்மில் பலர் அதைத் திருப்பி மாட்டியபடியே முகூர்த்தம் முழுக்கப் படம் எடுக்கிறோம். தனிக்காசு கொடுத்து வாங்கியதால் உனக்குத்தான் மரியாதை.

இனி நான் சொல்வதில் உள்ளொன்றும் புறமொன்றும் இல்லை. நல்ல கண்ணாடியும் நல்ல பூச்சும் உள்ள உன் இனத்தாருக்கு வேலை இருக்கிறது, அந்த வேலையில் அவர்களை நான் மதிக்கிறேன். தனுஷ்கோடியில் அரைமணி நேரம் நின்றால் லென்ஸ் முகத்தில் உப்புப் படலம் ஏறிவிடும். அதை மணலோடு சேர்த்து முன்கண்ணாடியில் தேய்ப்பதைவிட ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவுவது நூறு மடங்கு மேல். அலங்காநல்லூர் வாடிவாசல் புழுதி, திருவிழா மஞ்சள் நீர், வெல்டிங் பட்டறைத் தீப்பொறி, நெய்க்கையோடு லென்ஸைப் பிடிக்க வரும் குழந்தை, இந்த இடங்களில் எல்லாம் மாட்டியே ஆக வேண்டும். கேனானின் 50 எம்எம் எஃப் 1.2 எல் போன்ற சில லென்ஸ்களுக்கு முன்னால் ஃபில்டர் இருந்தால்தான் தூசிக்கும் ஈரத்துக்குமான காப்பு முழுமை பெறும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அப்படிப்பட்ட லென்ஸ் வைத்திருப்பவர் மழையில் கழற்றக் கூடாது.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் விசாரித்து வாங்குங்கள். லென்ஸ் முகப்பிலும் மூடியின் உட்புறத்திலும் வட்டத்தில் கோடு கிழித்த குறியோடு 58, 67, 77 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் அளவு, மில்லிமீட்டரில். வளையம் பித்தளையாக இருந்தால் மரையில் இறுகிக்கொள்வது குறைவு. அகலக் கோண லென்ஸுக்கு மெல்லிய வளையம் வேண்டும், இல்லாவிட்டால் மூலைகள் கறுக்கும். ஆனால் சில மெல்லிய வளையங்களில் முன்மரை இருக்காது, லென்ஸ் மூடி நிற்காது. கடையிலேயே மாட்டிப் பாருங்கள். நீள லென்ஸ்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேடந்தாங்கலில் 150-600 லென்ஸோடு நாள் முழுக்க உட்கார்ந்து, நாரையின் இறகு ஒன்றுகூடத் துல்லியமாக விழவில்லை என்று கேமராவைத் திட்டிக்கொண்டிருந்த நண்பரின் ஃபில்டரைக் கழற்றினோம். அடுத்த படத்தில் இறகின் நரம்பு தெரிந்தது. மலிவுக் கண்ணாடியின் சிறு கோணலையும் நீள லென்ஸ் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பணம் கொடுப்பதற்குள், கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே ஃபில்டரைச் சாய்த்துப் பிடியுங்கள். விளக்கு வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் மேற்கொண்டு பேசுங்கள். நல்லது வாங்கக் கையில் காசு இல்லையென்றால் ஹூடை நேராக மாட்டிக்கொண்டு வெறும் லென்ஸோடு எடுங்கள். முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறலோ தூசியோ படத்தில் தெரிவதே அபூர்வம். மோசமான ஃபில்டர் ஒவ்வொரு படத்திலும் இருக்கும்.

என் பன்னிரண்டு படங்களில் ஒன்றை எடுத்து இரண்டாவது தீபத்தை அழித்துப் பார்த்தேன். தீபம் போனது. வானத்தில் பதிந்த தெருவிளக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன், அவையும் போயின. மலையின் கறுப்பின்மேல் படிந்த வெளிறிய திரையை மட்டும் எடுக்க முடியவில்லை. அந்தப் படத்தைப் பூஜை அறையில் மாட்ட மனம் வரவில்லை.

மகாதீபம் உச்சியில் பதினொரு நாள் எரிகிறது. முதல் நாள் மட்டும்தான் என்று நினைத்து நான் மறுநாளே ஊர் திரும்பிவிட்டேன். வரும் கார்த்திகையில் மலையைப் பார்த்து முக்காலி வைக்கப்போகும் தம்பி தங்கைகளே, ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் லென்ஸ் முகத்தில் இருப்பதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.