காய்ச்சலுக்கு மதம் கண்டுபிடித்தவர்களுக்கு

24 மணி நேரச் செய்தித் தொலைக்காட்சியார் சமூகத்துக்கு,

நடுவட்டத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நேயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

எங்கள் ஊர் காய்ச்சலோடு பழகிய ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் சிங்கோனா நட்டு, பட்டையிலிருந்து கொயினா எடுத்த இடம். தோட்ட வேலைக்குக் கொண்டுவந்த சீனக் கைதிகளை அடைத்த சிறை இன்னும் நிற்கிறது. இத்தனை மருந்து காய்ச்சியும், காய்ச்சலுக்கு என்ன மதம் என்று விசாரிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. விவரம் போதாது. 2020 மார்ச் கடைசியில் தாங்கள்தான் கண்ணைத் திறந்துவிட்டீர்கள்.

டெல்லி நிஜாமுதீன், தப்லீக் முஸ்லிம்களின் கூட்டம், பின்னணியில் போர் முரசு, திரையில் சிவப்பெழுத்தில் ‘கொரோனா ஜிகாத்’.

மறுநாள் முட்டை பாய் வந்தார். டெல்லி என்ன, ஈரோட்டைக்கூடத் தாண்டாத மனுஷன். “அங்கேயே வச்சிட்டுப் போங்க பாய்” என்றேன். அவர் தந்த மீதிப் பத்து ரூபாயைக் குச்சியால் தள்ளி டெட்டால் தண்ணீரில் போட்டேன். அடுத்து வந்த பால்காரர் நோட்டைக் கையால் வாங்கிக் கல்லாவில் வைத்தேன். நல்ல பயிற்சி தந்தீர்கள்.

மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையிலிருந்து தொற்று ஊர் ஊராகப் பரவியதால், சந்தையையே மூடினார்கள். கத்தரிக்காயின் மதம் பற்றி நாலு பேரை உட்காரவைத்துக் கத்தவிடுவீர்கள் என்று ராத்திரி பத்து மணிவரை காத்திருந்தேன். ஏமாற்றிவிட்டீர்கள்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 21-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு தப்லீக்காரர்கள் மேலிருந்த வழக்குகளை ரத்துசெய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவும், பத்திரிகையும் டிவியும் பெரும் பிரசாரம் செய்ததாகவும் சொன்னது. 2025 ஜூலை 17-ல் டெல்லி உயர் நீதிமன்றம், வெளிநாட்டாருக்கு இடம் கொடுத்ததாக 70 இந்தியர்கள் மேலிருந்த 16 வழக்குகளையும் தள்ளியது. தங்கம் விலைக்கும் வானிலைக்கும் நடுவே ஒரு வரி ஓடியது. அதுதானா என்று கண்ணாடியைத் தேடுவதற்குள் விளம்பரம்.

விண்ணப்பம் ஒன்றுதான். அந்த முரசு பத்திரமாகத்தான் இருக்கும். தீர்ப்புக்கும் ஒருதரம் அடித்துவிடுங்கள்.

முட்டை பாய் இப்போதும் வருகிறார். “உள்ளே வாங்க பாய்” என்று ஐந்து வருஷமாகக் கூப்பிடுகிறேன். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

இப்படிக்கு,
கேபிள் பாக்கி வைக்காத நேயன்,
நடுவட்டம்.