ஜாமீன் கையெழுத்து

பத்தாம் வகுப்பில் தேறியவர்களும் வரலாம், தவறியவர்களும் வரலாம். இப்படி ஒரு தாராளமான வரியை சர்க்கார் தாளில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. 1993 காந்தி ஜெயந்தியன்று தொடங்கிய பிரதமரின் ரோஜ்கார் யோஜனா, முதல் வருஷம் நகரங்களைச் சுற்றிவிட்டு அடுத்த வருஷம்தான் எங்கள் கரிசல் பக்கம் எட்டிப் பார்த்தது. வயது 18 முதல் 35 வரை, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 24,000 ரூபாய்க்குள், ஒரு லட்சம் வரை தொழில் தொடங்கலாம், 15 சதவீதம் மானியம். சதவீதத்தைப் பார்த்ததும் மனசுக்குள் பெருக்கிவிடக் கூடாது. எப்படிப் பெருக்கினாலும் 7,500-க்கு மேல் தர மாட்டார்கள்.

எனக்கு அப்போது 24 வயது. பி.காம் முடித்துவிட்டு ஊர் மடத்தில் உட்கார்ந்து தினத்தாள் வாசிப்பவர்களில் நானும் ஒருவன். ஊரில் ஜெராக்ஸ் கடை வைப்பதாகத் திட்டம். விண்ணப்பத்தை மூன்று நகல் கேட்டார்கள். எடுக்க எங்கள் ஊரில் ஏது வசதி? பஸ் பிடித்துக் கோவில்பட்டி போனேன். ஊருக்கு ஜெராக்ஸ் கடை ஏன் தேவை என்று திட்ட அறிக்கையில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அந்த பஸ் டிக்கெட்டை ஒட்டி அனுப்பியிருந்தாலே போதும்.

கடைக்காரர் தாளைக் கண்ணாடி மேல் கவிழ்க்கும்போதே வாசித்துவிட்டார். பச்சை வெளிச்சம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது.

"நம்ம தொழிலுக்கா வாரீங்க?"

சரி, காசை இரண்டு மடங்காகக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். டிரம்மில் கீறல் விழாமல் எப்படித் துடைக்க வேண்டும், மழைக்காலத்தில் நமத்துப்போன தாள் உள்ளே சிக்கினால் எந்தப் பக்கமாக உருவ வேண்டும், டோனரில் எவன் கலப்படம் செய்கிறான் என்று அரை மணி நேரம் பாடம். 33 பக்கத்துக்கும் காசு வாங்கவில்லை. தொழில் தொடங்க எனக்கு இந்த உலகம் கொடுத்த மொத்த மானியம் அந்த 33 ரூபாய்தான். கொடுத்தவர் போட்டிக் கடைக்காரர்.

வங்கிக்கு வருவோம். இந்தத் திட்டத்தில் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. மேலாளர் விதியை மீறாத மனிதர், சொத்தே கேட்கவில்லை. "கவர்மெண்ட் உத்தியோகஸ்தங்க ரெண்டு பேரோட ஜாமீன் கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க தம்பி" என்றார். எங்கள் ஊரில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். வாத்தியார், "உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல" என்று ஆரம்பித்தார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். தபால்காரர், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அவர் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை தகவல் இல்லை. மூன்றாமவர் லைன்மேன். என் தலை தெரிந்தால் கம்பத்தைவிட்டு இறங்க மாட்டார்.

கடன் வரவில்லை. பரீட்சை எழுதினேன். 1998-ல் நானே அரசாங்க உத்தியோகஸ்தன் ஆகிவிட்டேன். ஊருக்கு நாலாவது கையெழுத்து வந்துவிட்டது என்ற செய்தி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. அந்த மாசமே, சைக்கிள் கடை வைக்க வேண்டுமென்று கீழத்தெருப் பையன் ஒருவன் பாரத்தை நீட்டினான். துணியைத் துவைத்து, தலையைப் படிய வாரி, நாலு வருஷத்துக்கு முந்தைய என்னைப் போலவே வந்து நின்றான்.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

இதெல்லாம் அந்தக் காலம். இப்போது என் அக்கா மகன் ஊரில் மரச்செக்கு போட்டிருக்கிறான். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் இரண்டு வருஷம் ஷிப்டு பார்த்தவன், 2023-ல் பெட்டியோடு வந்து இறங்கினான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனிலேயே விண்ணப்பித்தான். ஒரு பக்கம் நகல் எடுக்கவில்லை. (என் கடை இருந்திருந்தால் அன்றைக்கு அவன்தான் அதை மூடியிருப்பான்.) கிராமம், அதோடு சிறப்புப் பிரிவு என்பதால் 35 சதவீதம் மானியம், ஆறு லட்சத்துக்கு 2,10,000 ரூபாய். 7,500-ஐ நினைத்து எனக்கு வயிறெரிந்தது. பிறகுதான் சொன்னான், அந்தப் பணம் மூன்று வருஷம் அவன் பெயரில் வங்கியிலேயே வைப்பாகக் கிடக்குமாம். அதற்கு ஈடான கடனுக்கு வட்டி கிடையாது, ஆனால் தொடவும் முடியாது. கண்ணாடி அலமாரியில் பூந்தி.

பத்து லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது அவன் கடன் வாங்கியபோது இருந்த ரிசர்வ் வங்கி விதி. இந்த வங்கியில் ஜாமீனும் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு அக்கா வீட்டுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தேன். மருமகனை ஊக்குவித்தேன்.

திறப்பு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். எங்கள் ஜில்லாக்காரனுக்குச் செக்கு என்றால் போதாதா? ஓட்டப்பிடாரத்தில் பிறந்து, 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, பிறகு கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யில் தொடங்கி இருபது நிமிஷம் பேசினேன். கைதட்டல். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்து, கடைசியில் சும்மாவே ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்ததாம். குடைக்காகக் கப்பல் மாறினவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் யார் யாருக்கு மாமாவோ.

சால்வை எனக்கும் ஒன்று, அவனுக்கு ஏழு. அடுத்த வாரம் அவன் சொன்னான்: "சால்வைக்குப் பதிலா ஆளுக்கு அரை லிட்டர் வாங்கியிருந்தா, ஒரு மூட்டைப் பருப்புக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பேன் மாமா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

வாகை மர உரலில் உலக்கை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எள்ளுக்குக் கருப்பட்டியைத் தட்டிப் போடும்போது ஒரு வாசம் வரும், தெருமுனை வரைக்கும் அடிக்கும். வாசம் பிடிக்க எல்லோரும் வருகிறார்கள். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு இரண்டரை கிலோ பருப்பு போகும் என்று கணக்குச் சொன்னால், "பாக்கெட் எண்ணெய் பாதி விலைக்குக் கிடைக்குதே" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. விலையே கேட்பதில்லை.

போன ஞாயிறு நானும் போனேன். மேஜை மேல் ஸ்கேன் அட்டை, பக்கத்தில் பேசும் பெட்டி. புண்ணாக்கு வாங்க வந்த கிழவி பேரனிடம் போனைக் கொடுத்து நீட்டச் சொன்னாள். "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி ஊருக்கே அறிவித்தது.

"ரெண்டு லிட்டர் கடலெண்ணெய், ஒரு லிட்டர் நல்லெண்ணெய் மாப்ள" என்றேன். "சம்பளம் வந்ததும் தந்திடுறேன்."

"அதுக்கென்ன மாமா" என்று நோட்டைப் புரட்டினான். நான் வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்த்தேன். பக்கத்தின் தலைப்பில் 'மாமா - ஆபீஸ்' என்று இருந்தது. அதற்குக் கீழே எழுத இடமில்லாததால் அடுத்த பக்கத்துக்குப் போனான்.

கேனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கூப்பிட்டான்.

"மாமா, காசு மெதுவாக் கொடுங்க. போன தடவ கொண்டுபோன கேனையாவது கொடுத்து விடுங்க."

"உங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.