வெள்ளையா, வட்டமா, நடுவுல கோடு

2023 செப்டம்பரில் அரசாங்கம் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையைக் குடும்பத் தலைவிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தபோது, குடும்பத் தலைவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். தலைவனைத் தாண்டித் தலைவிக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் அந்த டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டது. தீர்த்து வைத்தது மிக்ஜாம் புயல்.

புயல் என்னவோ கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம். ஆனால் போகிற போக்கில் 3, 4 தேதிகளில் சென்னையை முக்கி எடுத்து, விமான நிலையத்தையே மூட வைத்துவிட்டுத்தான் போனது. வேளச்சேரிவாசிகளான எங்களுக்கு வெள்ளம் பழக்கம்தான். வானிலை அறிக்கை கொஞ்சம் குரலை உயர்த்தினாலே காரை மேம்பாலத்தில் ஏற்றிவிடுவோம். நானும் ஏற்றினேன். பால், மெழுகுவர்த்தி, பிரட் எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டு, வரட்டும் பார்க்கலாம் என்று மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தது. கரன்ட் போனது. மறுநாள் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்த அப்பா, "இன்சுலின் போச்சுடா" என்றார். அவருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு.

இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தானே ஆண்பிள்ளை காத்திருக்கிறான்! வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மெயின் ரோட்டுக்குப் போய், ஒரு மீன் கடைக்காரரின் கையைக் காலைப் பிடித்து ஐஸ்கட்டி வாங்கி, தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். மாடியில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். சஞ்சீவி மலையோடு வந்த அனுமார் மாதிரி இருந்திருப்பேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

"இது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"இன்சுலினுக்கு."

"ஐஸ்ல வச்சா உறைஞ்சிடும். உறைஞ்ச இன்சுலினைத் தூரத்தான் போடணும்."

அப்புறம் இன்சுலின் அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை என் கையில் கொடுத்தாள். அதைப் பிரித்துப் படித்த முதல் ஆள் எங்கள் தெருவில் அவளாகத்தான் இருப்பாள். 2 முதல் 8 டிகிரி குளிர் என்பதெல்லாம் இன்னும் பிரிக்காத மருந்துக்கு. பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் குப்பி, வெயிலும் சூடும் படாமல் இருந்தால், வெளியிலேயே சுமார் நான்கு வாரம் தாங்கும். அவள் ஒரு சின்ன மண்பானையில் குப்பியை வைத்து, பானையைச் சுற்றி ஈரத்துணியைக் கட்டி, காற்றோட்டமான மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் ஐஸ்கட்டி வாளியில் கரைந்து, தெருத் தண்ணீரோடு கலந்தது. சென்னை வெள்ளத்துக்கு என்னாலான பங்கு.

அப்பாவின் பிரஷர் மாத்திரையும் தீர்ந்திருந்தது. போன மானத்தை அதிலாவது மீட்டுவிடலாம் என்று மறுபடி இறங்கினேன். மேட்டில் ஒரே ஒரு மருந்துக் கடை பாதி ஷட்டரோடு திறந்திருந்தது. கையிலிருந்த ஸ்ட்ரிப்பை நீட்டினேன். பத்துப் பத்தாகக் கத்தரித்து வாங்கும் வழக்கத்தில், மிச்சமிருந்த காலித் துண்டில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ஏதோ ஒரு ஊரின் பின்கோடு மட்டும் இருந்தது.

"மாத்திரை பேரு என்ன சார்?"

"வெள்ளையா, வட்டமா இருக்கும். நடுவுல ஒரு கோடு."

கடைக்காரர் பின்னால் இருந்த அலமாரிகளைத் திரும்பிப் பார்த்தார். "இதுல பாதி அப்படித்தான் சார் இருக்கும். சீட்டு இருக்கா?"

சாதாரண நாளில் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் மனிதர், ஊரே மிதக்கும் நாளில் சட்டம் பேசினார். பிரஷர் மாத்திரை எச் அட்டவணை மருந்து; சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சட்டம் அவர் பக்கம். சீட்டின் போட்டோ என் போனில். போனில் சார்ஜ் இல்லை. போட்டோ இருந்திருந்தாலும் படித்திருப்பாரா என்பது வேறு விஷயம். மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி போட்டது. எங்கள் டாக்டரின் எழுத்து அந்த விதிக்கு இன்னும் அடங்கவில்லை.

வெறுங்கையோடு வீடு திரும்பினால், அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு சாவகாசமாகக் காபி குடிக்கிறார்! பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "மாமா: அம்லோடிபின் 5 மி.கி., காலை" என்று மனைவி எப்போதோ எழுதி வைத்திருக்கிறாள். மூன்றாம் மாடி மாமியிடமும் அதே அம்லோடிபின், அதே 5 மில்லிகிராம், கம்பெனிதான் வேறு. காலாவதித் தேதியைப் பார்த்து, மாமியின் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாளாம். நான் தண்ணீரில் நடந்த நேரத்தில் அவள் ஏறியது சில படிகள்.

"நனைஞ்சிட்டியேடா, தலையைத் துவட்டு" என்றார் அப்பா.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்துவிடும். அதற்குள் வீட்டுப் பெரியவர்களின் மருந்துகளை மூலப்பெயர், அளவு, வேளையோடு ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு வார மருந்தைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஸ்ட்ரிப்பில் பெயரும் தேதியும் அச்சிட்ட பகுதியில் இருக்கும் மாத்திரையைக் கடைசியில் எடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் மாத்திரை தேடி அலையாமல் 108ஐக் கூப்பிடுங்கள். எழுத நேரமில்லாத குடும்பத் தலைவர்கள் மனைவியிடம் பால் கணக்கு நோட்டைக் கேட்டுப் பாருங்கள். அநேகமாக அதில் எழுதியிருக்கும்.